கை ஓய்ந்தால் கையில் மிஞ்சுவது எது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் கல்வியும்" என்னும் தலைப்பில் சில வார்த்தைகள் பேசும்படி தலைமையாசிரியர் அவர்கள் பணித்தார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். "எந்நேரமும் பந்தை உதைத்துக்கொண்டிருந்தால் படிப்பு என்ன ஆகும்?" என்பார்கள். இல்லாவிட்டால், "புறப்பாட நடவடிக்கை உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் இன்று உங்களைக் கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். விமானச் செலவு இல்லை, பயப்படாதீர்கள்!

அந்த நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பல நூறு கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சோதனை வருகிறது. தொழில்முறைப் பேஸ்பால் குழுக்காரர்கள் வந்து, "தம்பி, படித்தது போதும். இந்தா பணம். எங்களோடு வந்து ஆடு" என்று கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் பையனும் அவனைப் பெற்றவர்களும் என்ன முடிவு செய்கிறார்கள், முடிவு செய்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. கதை அமெரிக்காவில் நடந்தாலும், அதில் வருகிற கேள்வி இங்கே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் என்றாவது ஒருநாள் வரப்போகிற கேள்விதான்.

உனக்கு ஒருத்தன், எனக்கு ஒருத்தன்

பேஸ்பால் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ரவுண்டர்ஸ், சாஃப்ட்பால் ஆடிய பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஒருவர் பந்து வீசுவார். எதிரே நிற்பவர் உருண்டை மட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு மூலைகளையும் தொட்டுச் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். நிதானமாக நடந்தே சுற்றி வரலாம்.

இந்த ஆட்டத்தின் உச்சிப் படிக்கு 'மேஜர் லீக்' என்று பெயர். அதில் 30 குழுக்கள் இருக்கின்றன. புதிய ஆட்டக்காரர்களை இந்தக் குழுக்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன? நம் திடலில் சாயங்காலம் பிள்ளைகள் ஆள் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். "எனக்கு இவன்", "எனக்கு அவன்" என்று மாறி மாறிக் கூப்பிடுவார்கள். அதே முறைதான். இரண்டு தலைவர்களுக்குப் பதில் 30 குழுக்கள். ஒரு சுற்றுக்கு ஒரு குழு ஓர் ஆளை எடுக்கும். 2021 முதல் 20 சுற்றுகள் நடத்துகிறார்கள். ஆக ஏறத்தாழ 600 இளைஞர்கள் எடுக்கப்படுகிறார்கள். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. போன ஆண்டு கடைசியாக வந்த குழுவுக்குத்தான் முதலில் எடுக்கும் உரிமை என்று வைத்தார்கள். மெலிந்தவனுக்கு முதல் கவளம் என்பது போல. வேண்டுமென்றே தோற்றுவிட்டு முதலிடம் கேட்கிறவர்கள் வந்துவிடக் கூடாதே என்று 2023ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து முதல் ஆறு இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முறையும் வந்துவிட்டது.

இந்தத் தேர்வு 1965ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன் யார் அதிகப் பணம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே ஆள். 1964இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் ரிக் ரைக்கார்ட் என்பவருக்கு ஏலம் கேட்பது போலக் கேட்டு, கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் குழு 2 லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்தது. நான் சொல்வதெல்லாம் அமெரிக்க வெள்ளி. 60 ஆண்டுகளுக்கு முந்திய 2 லட்சம்! முதலாளிமார்கள் திகைத்துப் போனார்கள். "இப்படியே போனால் கட்டுப்படியாகாது" என்று கூடிப் பேசி, மறு ஆண்டே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். எடுத்த குழுவோடு மட்டும்தான் அந்தப் பையன் பேச முடியும். வேறு குழுவுக்குப் போக முடியாது. பணம் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அல்லது பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். 1965இல் முதன்முதலாகக் கூப்பிடப்பட்ட பெயர் ரிக் மண்டே. அவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர். ஆக, இந்தத் தேர்வின் முதல் பெயரே ஒரு கல்லூரி மாணவரின் பெயர்தான்.

மூன்று ஆண்டு விதி

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

உயர்நிலைப்பள்ளி முடித்த 17, 18 வயதுப் பையனை இந்தத் தேர்வில் எடுக்கலாம். ஆனால் அவன் பணத்தை வேண்டாமென்று சொல்லி நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, அவனை யாரும் தொட முடியாது. இரண்டாண்டுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

ஆகையால் ஒரு திறமைசாலிப் பையனுக்கு வாசல் இரண்டு தடவை திறக்கிறது. பள்ளி முடிக்கும்போது ஒரு தடவை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது இன்னொரு தடவை. முதல் தடவை போகாதவன் மூன்று ஆண்டு படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை வருகிறான். நான்காம் ஆண்டு இன்னும் பாக்கி இருக்கிறது அல்லவா? அதுதான் அவனுடைய பலம். குழுக்காரர், "இவ்வளவுதான் தருவோம்" என்றால், "சரிங்க ஐயா, நான் போய்ப் படிப்பை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு வருகிறேன்" என்று சொல்லலாம். நான்காம் ஆண்டும் முடித்தவனுக்கு அந்த வழி கிடையாது. அதனால் அவர்களில் பலருக்கு ஓராயிரம், ஐயாயிரம் வெள்ளி கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். திறமை குறைந்ததால் அல்ல, திரும்பிப் போக இடம் இல்லாததால் விலை குறைகிறது. திரும்பிப் போக ஓர் இடம் இருப்பவன்தான் நிமிர்ந்து நின்று பேச முடியும். இது பேஸ்பாலுக்கு மட்டும் உள்ள விதியா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்கள் எல்லோரும் முழு உபகாரச் சம்பளத்தில் படித்தவர்கள் என்று நினைக்காதீர்கள். 2025 வரை இருந்த விதிப்படி, முதல்நிலைப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் குழு முழுவதற்கும் சேர்த்து 11.7 உபகாரச் சம்பளங்கள்தான். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுப்பார்கள். பாக்கியைப் பெற்றவர்கள்தான் கட்டினார்கள். இப்போது விதிகள் தளர்ந்துவிட்டன. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் அனுமதி வந்துவிட்டது.

முதல் பெயரும் இரண்டாம் பெயரும்

1966ஆம் ஆண்டுத் தேர்வைப் பாருங்கள். முதலில் எடுக்கும் உரிமை நியூயார்க் மெட்ஸ் குழுவுக்கு. அவர்கள் கலிபோர்னியாவின் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஸ்டீவ் சில்காட்டை எடுத்தார்கள். இரண்டாவதாகக் கன்சாஸ் சிட்டி குழு எடுத்தது ரெஜி ஜாக்சன் என்ற கல்லூரி மாணவரை. அவரும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம்தான்.

நாடே திரும்பிப் பார்த்த முதல் பெயருக்கு என்ன நடந்தது? மறு ஆண்டே சில்காட்டின் தோளில் காயம். அதன் பிறகு அந்தத் தோள் பழைய நிலைக்கு வரவே இல்லை. மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அவருடைய ஆட்டம் முடிந்துபோயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இரண்டாம் பெயரான ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன்கள் அடித்து, 1993இல் பேஸ்பால் பெருமைக்குரியோர் மண்டபத்தில் இடம் பெற்றார். சில்காட் சோம்பேறி அல்ல. தப்பு ஒன்றும் செய்யவில்லை. உடம்பை நம்பிச் செய்கிற தொழிலில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இன்னொரு பையன். பெயர் பிரையன் டெய்லர். வட கரோலினா மாநிலத்தில் கடலோரச் சிற்றூர். அப்பா கொத்தனார். அம்மா மீன் பதனிடும் ஆலையில் நண்டுச் சதை எடுக்கிறவர். கூலி வேலை செய்கிற குடும்பம், நம்மைப் போன்றவர்கள். 1991இல் அந்தப் பையன் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். நியூயார்க் யாங்கீஸ் குழு முதலில் 3 லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னது. நண்டு உரிக்கிற அந்த அம்மா அசையவில்லை. "சரியான தொகை தராவிட்டால் என் பையன் கல்லூரிக்குப் போகிறான்" என்று உறுதியாக நின்றார். கடைசியில் 15 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளிக்குக் கையெழுத்தானது. கல்லூரி என்கிற வழி ஒன்று திறந்திருந்ததால்தான் அந்த ஏழைத் தாய் பெரிய கம்பெனியோடு சரிசமமாகப் பேச முடிந்தது.

ஆனால் 1993ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு கைகலப்பில் அவன் பந்து வீசும் தோள் கிழிந்துபோனது. அறுவைச் சிகிச்சை செய்தும் பழைய வேகம் வரவில்லை. அவனாலும் மேஜர் லீக்கை எட்ட முடியவில்லை. பிற்காலத்தில் ஊருக்குத் திரும்பி, அப்பாவோடு சேர்ந்து செங்கல் அடுக்கும் வேலை செய்தார். உழைத்துப் பிழைப்பதில் இழிவு இல்லை. ஆனாலும், 19 வயதில் கோடிக்கணக்கானோர் பார்த்த அந்தக் கை ஓய்ந்தபோது, அதற்குப் பதிலாக எடுத்து வைக்க வேறொன்று தயாராக இருந்திருந்தால் என்று மனம் நினைக்கத்தானே செய்கிறது?

போகாமல் நின்றவர்கள்

இனி, முதல் வாசலில் நுழையாமல் நின்ற சிலரைப் பார்ப்போம்.

டேவ் வின்ஃபீல்டு, மின்னசோட்டா மாநிலத்தவர். தாயார் தனியாக நின்று வளர்த்த பிள்ளை. 1969இல் உயர்நிலைப்பள்ளி முடித்தபோது பால்டிமோர் குழு அவரை 40ஆவது சுற்றில் எடுத்தது. கிட்டத்தட்டக் கடைசி வரிசை. அவர் போகவில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். நான்கு ஆண்டு கழித்து, 1973இல், பேஸ்பாலில் நாட்டிலேயே நான்காவது ஆளாக எடுக்கப்பட்டார். அது மட்டுமா? அதே ஆண்டில் கூடைப்பந்தில் இரண்டு குழுக்களும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு குழுவும் அவரைக் கூப்பிட்டன. 40ஆவது சுற்றில் கேட்பாரற்றுக் கிடந்த பையனை மூன்று விளையாட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். அவர் கீழ்நிலை லீக்குகளில் ஒரு நாள்கூட ஆடாமல் நேரே மேஜர் லீக்குக்கே போனார்.

ராண்டி ஜான்சன். ஆறடி பத்தங்குலம் உயரம். 1982இல் பள்ளி முடித்ததும் அட்லாண்டா குழு நான்காவது சுற்றிலேயே கூப்பிட்டது. போகவில்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து புகைப்பட இதழியல் படித்தார். 1985இல் இரண்டாவது சுற்றில் எடுக்கப்பட்டார். பிறகு 303 வெற்றிகள். 4,875 பேரை அடிக்க விடாமல் வெளியே அனுப்பினார். பேஸ்பாலை விட்ட பிறகு என்ன செய்தார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் பழகிய கேமராவைத் திரும்பக் கையில் எடுத்துப் புகைப்படக் கலைஞரானார். பந்தைப் பிடித்த கை ஓய்ந்தது. கேமராவைப் பிடித்த கை ஓயவில்லை.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். 2006இல் பள்ளி முடித்தபோது இவர் பெயரை 50 சுற்றுகளில் ஒரு சுற்றில்கூட யாரும் கூப்பிடவில்லை. உடம்பு பெருத்து, பயிற்சியில் ஓட முடியாமல் மூச்சு வாங்கினார். சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் டோனி குவின், புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர். மூன்றே ஆண்டில் உடம்பைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, 2009இல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஒப்பந்தத் தொகை ஒரு கோடியே 51 லட்சம் வெள்ளி. 18 வயதில் ஒருவனைப் பார்த்து, "இவன் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு பாருங்கள்.

அண்மைய கதையும் ஒன்று. பால் ஸ்கீன்ஸ் என்ற இளைஞர் விமானியாக வேண்டுமென்று அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் சேர்ந்து படித்தவர். பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2023இல் முதல் ஆளாக, 92 லட்சம் வெள்ளிக்கு எடுக்கப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தின் டிலன் குரூஸ் இரண்டாவது. ஒரே பள்ளியிலிருந்து முதல் இரண்டு பேரும் போனது அதுவே முதல் தடவை.

படித்தவனுக்கும் சறுக்கும்

"அப்படியானால் கல்லூரிக்குப் போனவன் எல்லாம் ஜெயித்துவிட்டானா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அது நியாயமான பேச்சாகாது. கென் கிரிஃபி ஜூனியர் 1987இல் 17 வயதில் பள்ளியிலிருந்து நேரே முதல் ஆளாகப் போனார். பெரிய புகழ் பெற்றார். டெரெக் ஜீட்டர் 1992இல் பள்ளியிலிருந்து நேரே போனார், அவரும் அப்படியே. நேரே போவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

படிப்பை முடித்தும் சறுக்கியவர் மார்க் அப்பல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர். 2012இல் எட்டாவது ஆளாக எடுத்த பிட்ஸ்பர்க் குழு 38 லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னது. அவர் வேண்டாமென்று சொல்லி நான்காம் ஆண்டுக்குத் திரும்பினார். "38 லட்சத்தை உதறிவிட்டுப் பாடம் படிக்கப் போகிறானே, பைத்தியமா?" என்று பலரும் பேசினார்கள். அவர் நிர்வாகவியலும் பொறியியலும் சேர்ந்த பட்டப் படிப்பை முடித்தார். 2013இல் ஹூஸ்டன் குழு அவரை முதல் ஆளாக எடுத்து 63 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு பந்து எடுபடவில்லை. காயங்கள். வேறு குழுவுக்கு மாற்றினார்கள். 2018இல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். "முதல் ஆளாக எடுக்கப்பட்டும் உருப்படாதவர்" என்று பத்திரிகைகள் எழுதின. பட்டம் கையில் இருந்தது. பசி பட்டினி என்று பயப்பட வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு 2021இல் திரும்பி வந்தார். 2022 ஜூன் 29ஆம் நாள், 30 வயதில், ஃபிலடெல்ஃபியா குழுவுக்காக முதல் தடவையாக மேஜர் லீக் திடலில் பந்து வீசினார். எடுக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து! எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. விட்டுவிட்டுப் போகவும், வெட்கப்படாமல் திரும்பி வரவும் அவருக்கு முடிந்தது. ஏன்? அந்த ஒரு வேலைதான் தன் வாழ்க்கை என்ற நெருக்கடி அவருக்கு இல்லை.

கையெழுத்துக்குப் பிறகு

பத்திரிகையில் பெரிய தொகையாகப் போடுகிறார்களே, அது முதல் சில சுற்றுக்காரர்களுக்குத்தான். எடுக்கப்பட்டவர்கள் மறுநாளே பெரிய திடலில் ஆடுவதும் இல்லை. கீழே பல படிகளாக 'மைனர் லீக்' இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதில் ஏற வேண்டும். சிற்றூர் சிற்றூராகப் பேருந்தில் இரவெல்லாம் பயணம். கல்லூரியில் உலோக மட்டையில் அடித்துப் பழகியவன் இங்கே மர மட்டைக்கு மாற வேண்டும். மேலே போய்ச் சேருகிறவர்கள் கொஞ்சம் பேர். வழியிலேயே இறங்கிவிடுகிறவர்கள் அதிகம்.

சம்பளமோ? 2022இல் மைனர் லீக்கின் மேல்படியில் ஆண்டுக்குக் குறைந்தது 17,500 வெள்ளி. அடிப்படியில் 4,800 வெள்ளி. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளம் இல்லை என்பது பால்மரம் வெட்டிய உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் அப்போது ஆட்டம் நடக்கிற மாதங்களுக்குத்தான் கூலி. குளிர்காலத்தில் கடையிலும் கிடங்கிலும் வேலை தேடினார்கள். 2022இலிருந்துதான் தங்க இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு தொழிற்சங்கம் அமைத்துப் பேசி, 2023இல் மேல்படிக்கு 35,800, அடிப்படிக்கு 19,800 என்று உயர்த்திக்கொண்டார்கள். சங்கத்தின் அருமை தெரிந்தவர்கள் நீங்கள். நான் விளக்கத் தேவையில்லை.

விவரம் தெரிந்த பெற்றோர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். "பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறான். ஆட்டம் முடிந்ததும் மிச்சப் படிப்புக்கான செலவைக் குழுதான் கட்ட வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்" என்பார்கள். குழுக்களும் எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

நம் வீட்டுக் கேள்வி

அன்பான பெற்றோர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளைத் தேடி 38 லட்சத்தோடு யாரும் வரப்போவதில்லை. ஆனால் வேறு ஒருவர் வருவார். ஐந்தாம் படிவம் முடித்த மறுவாரமே வருவார். "சிங்கப்பூரில் வேலை இருக்கிறது, தம்பியை அனுப்புங்கண்ணே" என்பார். "கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஓவர்டைம் நிறைய" என்பார். வீட்டில் கடன் இருக்கும். தங்கச்சி படித்துக்கொண்டிருப்பாள். முதல் மாதச் சம்பளம் நம் கண்ணுக்குப் பெரியதாகத் தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. போக வேண்டிய நிலைமை சில வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது.

நான் கேட்பதெல்லாம், அந்த நண்டு உரிக்கிற அம்மா கேட்டது போல நாமும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே. இந்த வேலை இரண்டு ஆண்டில் நின்றால் என் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழி உண்டா? ஆறாம் படிவமோ தொழிற்கல்லூரியோ, திரும்பிப் போக எந்த வாசல் திறந்திருக்கும், எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும்? இவற்றைக் கேட்ட பிறகு, போ என்பதும் இரு என்பதும் உங்கள் முடிவு.

பால் வெட்டிய கை எப்போது ஓயும், குலை அறுத்த தோள் எந்த வயதில் வலிக்க ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கை ஓடுகிற வரைக்கும்தான் வேலை; வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்து வீடு. அந்தப் பயம் நம்மோடு போகட்டும். பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு கதை சொல்லி முடித்துக்கொள்கிறேன். திடலில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிற பையனின் முகம் எப்படி இருக்கும்? 1988இல் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் மைக் பியாசா. மயாமியில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர். 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அதுவும் ஒரு குழுவின் மேலாளர் அவருடைய அப்பாவுக்குச் சிநேகிதர் என்பதற்காக, ஒரு மரியாதைக்கு. அடுத்து 1999இல், அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்து பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொண்ட ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற பையன், அதே போன்ற சிறிய கல்லூரியிலிருந்து 402ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டான். 10,000 வெள்ளிதான் தருவோம் என்றார்கள். அவன் கோடைகால லீக்கில் ஆடித் தன்னைக் காட்டி, 60,000க்குக் கையெழுத்துப் போட்டான். அந்த 402ஆவது ஆள் பின்னாளில் அடித்த ஹோம் ரன்கள் 703.

1,390ஆவது ஆள் என்ன ஆனார்? 2016ஆம் ஆண்டு பேஸ்பால் பெருமைக்குரியோர் மண்டபத்துக்கு இரண்டு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் கென் கிரிஃபி ஜூனியர். 1987இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அவர் பக்கத்திலேயே நின்ற மற்றவர் மைக் பியாசா. முதல் ஆளும் 1,390ஆவது ஆளும் ஒரே மேடையில், ஒரே நாளில், ஒரே மரியாதை பெற்றார்கள்.

இன்றைக்கு இந்த மேடைக்கு வந்து பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. உங்களுக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. இது முதல் சுற்றுத்தான், ஆட்டம் இன்னும் இருக்கிறது. பெயர் கூப்பிடப்படாமல் கீழே உட்கார்ந்து கை தட்டிய பிள்ளைகளே, உங்களுக்கும் அதே வாழ்த்து. நாளை காலை மணி அடிக்கும்போது புத்தகப் பையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். உங்கள் பெயர் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதை இப்போதே யாரும் சொல்லிவிட முடியாது.